ரூமா... வேனா? ஒரு குடும்பச் சண்டையின் கதை!

செமஸ்டர் முடிஞ்சு, பெட்டியைக் கட்டிட்டு வீட்டுக்குக் கிளம்புற மூடுல இருப்பீங்க. அதனால இந்த வாரம் நோ சிலபஸ், நோ கேம்பஸ் இன்டர்வியூ. ஒரு டூர் மேட்டர்!

'மோட்டல்'னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ராத்திரி ரெண்டு மணிக்கு பஸ் ஒரு ஓரமா ஒதுங்கும். 'பத்து நிமிஷம் வண்டி நிக்கும்... டீ, டிபன் சாப்பிடுறவங்க சாப்பிடலாம்'னு கண்டக்டர் குரல் குடுப்பார். காதைக் கிழிக்கிற ஸ்பீக்கர், கடிக்க முடியாத பரோட்டா, காசு குடுத்துப் போற டாய்லெட். அதுதானே நம்ம ஊர் மோட்டல்? சரி, 'கேரவன்'னா? ஷூட்டிங் ஸ்பாட்டுல ஹீரோயின் ஏறி, டொப்புனு கதவைச் சாத்திக்கிற வண்டி!

ஆனா இந்த ரெண்டு வார்த்தைக்கும் அசல் அர்த்தம் வேற. 1925-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற ஊரில் 'மைல்ஸ்டோன் மோ-டெல்' என்று ஒரு விடுதியைத் திறந்தார்கள். மோட்டார் ப்ளஸ் ஹோட்டல். ஓட்டிட்டு வந்த காரை ரூம் வாசல்லயே நிறுத்திட்டு, உள்ளே போய்த் தூங்கலாம். மோட்டார் ஹோம்ங்கிறது அதுக்கு நேர் எதிர். வண்டிக்குள்ளயே கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் இருக்கும். அந்த ஊர்ல குடும்பத்தோட டூர் கிளம்பினா முதல் சண்டையே 'மோட்டலா, மோட்டார் ஹோமா'ங்கிறதுதானாம்.

'அட, அந்தச் சண்டை நமக்கு எதுக்கு?'னு கேட்கறீங்களா? போன மே மாசம் எங்க வீட்டு ஹால்ல அதே சண்டைதான் நடந்துச்சு. பேரு மட்டும்தான் வேற. 'லாட்ஜா, வேனா?'

நாட்டாமை நான்தான்!

எங்க தாத்தா இறந்து ஒரு வருஷம். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துல திதி குடுக்கணும். கூடவே உத்தரகோசமங்கை, தேவிபட்டினம், தனுஷ்கோடினு ஒரு ரவுண்டு. மொத்தம் 14 பேர். 74 வயசு பாட்டியில ஆரம்பிச்சு, அத்தை பொண்ணோட ரெண்டு வயசு வாண்டு வரைக்கும் லிஸ்ட்டுல உண்டு. கரூர்லேர்ந்து திண்டுக்கல், மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியா போகவே 300 கிலோமீட்டருக்கு மேல.

பெரியப்பா ஆரம்பிச்சார். "எதுக்குடா லாட்ஜுக்குக் காசை அழுவணும்? பதினேழு சீட்டு வேன் எடுப்போம். ஒரு சிலிண்டர், ரெண்டு அடுப்பு, அரிசி பருப்பு எல்லாத்தையும் ஏத்திக்குவோம். கடற்கரையில சமைச்சு, வேன்லயே படுத்துக்கலாம். வடநாட்டுக்காரங்க பஸ்ஸு பஸ்ஸா வந்து அப்படித்தானே போறாங்க!"

சித்தப்பா விடலை. "அண்ணே, நாம என்ன சின்னப் பசங்களா? ரூமைப் போட்டுக் காலை நீட்டுவோம்."

அரை மணி நேரம் அனல் பறந்துச்சு. அப்புறம் பெரியப்பா திரும்பி என்னைப் பார்த்து, "ஏம்மா, நீதான் இன்ஜினியரிங் படிக்கிறேல்ல... கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு எது லாபம்னு சொல்லு"ன்னார். மூணு வருஷப் படிப்புக்கு வீட்ல கிடைச்ச முதல் மரியாதை! விடுவேனா? எக்செல்லைத் திறந்தேன்.

கணக்கு என்ன சொல்லுது?

நம்மள்ல முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுறது இங்கதான். 'வேனா, ரூமா'னு கேட்டா வேன் வாடகையை ஒரு பக்கமும் ரூம் வாடகையை இன்னொரு பக்கமும் போடுவோம். தப்பு! ரூம் போட்டாலும் ஊருக்குப் போக வேன் வேணும்ல? போக, வர, உள்ளே சுத்த எல்லாம் சேர்த்து 750 கிலோமீட்டர். கிலோமீட்டர் ரேட், டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங்... இதெல்லாம் ரெண்டு பக்கமும் வரும். ரெண்டு பக்கமும் வர்றதை அடிச்சிடுங்க. ஒன்பதாம் கிளாஸ் அல்ஜீப்ராதான்! மிச்சம் நிக்கிறது ரூம் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மட்டும்.

வேன் பேசும்போது மூணு கேள்வி கட்டாயம் கேளுங்க. ஒண்ணு, ஒரு நாளைக்குக் குறைஞ்சபட்சம் எத்தனை கிலோமீட்டர்னு கணக்கு வைப்பீங்க? (நீங்க 50 கி.மீ. சுத்தினாலும் அந்த மினிமத்துக்குக் காசு குடுக்கணும்.) ரெண்டு, கிலோமீட்டர் எங்கேர்ந்து ஆரம்பிக்குது, உங்க வாசல்லேர்ந்தா, ஷெட்டுலேர்ந்தா? மூணு, போர்டு மஞ்சளா, வெள்ளையா? தெரிஞ்சவர் வண்டி, சல்லிசா வருதுனு வெள்ளை போர்டு வண்டியில வாடகைக்குப் போனா அது சட்டப்படி தப்பு. ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்ல பைசா தேறாம இழுத்தடிக்கும்.

ஓகே, ரிசல்ட்? நாலு ரூம், ரெண்டு ராத்திரி. மொத்த வாடகையை 14-ஆல வகுத்தேன். தலைக்கு ஒரு ராத்திரிக்கு வந்த தொகை... மல்ட்டிபிளக்ஸ்ல ஒரு டிக்கெட்டும் பாப்கார்னும்! இதுக்கா அரை மணி நேரம் கத்துனாங்க? ஆனா எக்செல் எக்செல்தான். வேன்ல படுத்தாத்தான் செலவு கம்மி. பெரியப்பா மீசையைத் தடவிக்கிட்டார்.

சிலிண்டர் ஏத்தாதீங்க, ப்ளீஸ்!

இங்கதான் எனக்கு ஒரு டவுட்டு. செலவு கம்மி சரி, சேஃப்பா?

2023 ஆகஸ்ட் 26-ஐ மறந்திருக்க மாட்டீங்க. லக்னோவிலிருந்து கோயில் சுற்றுலா வந்தவர்களின் தனி ரயில் பெட்டி, மதுரை ஸ்டேஷன் யார்டில் நின்றிருந்தது. விடிகாலையில் அது தீப்பிடித்து எரிந்தது. 9 பேர் இறந்துபோனார்கள். தடையை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்த சமையல் கேஸ் சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே சொன்னது. தூங்குற இடமும் சமைக்கிற இடமும் ஒண்ணா இருந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேணாம்.

கெமிஸ்ட்ரியைக் கொஞ்சம் தூசு தட்டுவோம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. லீக் ஆனா மேலே போகாது, தரையோட தரையா தேங்கும். வேனோட தரையில யார் படுத்திருப்பாங்க? நாமதான். 'நாங்க வெளியிலதானே சமைப்போம்'னு பெரியப்பா மடக்கினார். ராமேஸ்வரம் கடற்கரைக் காத்து தெரியும்ல? தீக்குச்சி நிக்காது! அடுப்பு அணைஞ்சு அணைஞ்சு வெறுத்துப்போய், கடைசியில வேன் மறைப்புக்குள்ள, அப்புறம் படிக்கட்டுல, அப்புறம் உள்ளேயேனு அடுப்பு நகர்ந்துடும். யாரும் பிளான் பண்ணி வேனுக்குள்ள சமைக்கறதில்ல மக்களே.

அடுத்தது ஏ.சி. மே மாசம், கடலோரம், புழுக்கம். 14 பேர் மூடின வேன்ல படுத்தா ஏ.சி. இல்லாம முடியாது. வேன்ல ஏ.சி. ஓடணும்னா இன்ஜின் ஓடணும். நிக்கிற வண்டியில ராத்திரி முழுக்க இன்ஜின் ஓடினா, புகை உள்ளே கசிய ஒரு சின்ன ஓட்டை போதும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. சமையல் கேஸுக்காவது நாத்தம் சேர்த்திருக்காங்க, லீக் ஆனா மூக்கு கண்டுபிடிச்சிடும். இது தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும். 2024 டிசம்பர்ல கேரளாவில் வடகரை பக்கத்தில் ரோட்டோரம் நின்ற கேரவனுக்குள் ரெண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம். அது அசல் கேரவன்! நாம பேசுறது வாடகை வேன்.

அதுக்காகக் கேரவனே கூடாதுனு நான் சொல்லலை. கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்குனு தனிக் கொள்கையே அறிவிச்சுது. அதுல வண்டி பாதிதான். மீதிப் பாதி 'கேரவன் பார்க்'. வண்டியை நிறுத்த இடம், கரன்ட் கனெக்‌ஷன், தண்ணி, கழிவைக் கொட்ட வசதி, ராத்திரிக்குக் காவல். இது எதுவும் இல்லாத இடத்துல மோட்டார் ஹோம் வெறும் பெரிய வேன்தான்.

தண்ணினு சொன்னதும் இன்னொண்ணு. ராமநாதபுரம் மாவட்டத்துல ரோட்டோரம் பார்த்திருப்பீங்க. தள்ளுவண்டியில நாலஞ்சு குடத்தை அடுக்கி, நல்ல தண்ணிக்காக ரொம்ப தூரம் தள்ளிட்டுப் போற அக்காக்கள். அந்த ஊர்ல போய் 14 பேருக்கு அரிசி களைய, பாத்திரம் கழுவ, குளிக்க தண்ணி எங்கேர்ந்து வரும்? அவங்க குடத்துலேர்ந்துதான் வரணும்.

விடிகாலை அஞ்சு மணி சீன்!

ராமேஸ்வரத்துக்குனு ஒரு டைம்டேபிள் இருக்கு. விடிகாலை அஞ்சு மணிவாக்கில் ஸ்படிக லிங்க தரிசனம். அக்னி தீர்த்தக் கடலில் ஒரு முழுக்கு. அப்புறம் கோயிலுக்குள்ளே 22 தீர்த்தம். கிணறு கிணறா ஓடி, வாளித் தண்ணியைத் தலையில வாங்கணும். அப்புறம்? சொட்டச் சொட்ட ஈரத்தோட சந்நிதிக்குள்ள விடமாட்டாங்க. உடை மாத்தணும். 14 பேர், அதுல எட்டுப் பேர் பொம்பளைங்க, எங்கே போய் மாத்துறது? வேன் எங்கேயோ பார்க்கிங்ல நிக்கும். கோயிலுக்கு நடந்துபோற தூரத்துல ஒரு ரூம் இருந்தா இந்தக் கேள்விக்கே வேலை இல்ல.

'தனுஷ்கோடி கடற்கரையில வேனைப் போட்டு, நட்சத்திரம் பார்த்துக்கிட்டே தூங்கலாம்'ங்கிறது எங்க பெரியப்பாவோட பெரிய கனவு. ரொமான்ட்டிக்கா இருக்குல்ல? நடக்காது! சாயங்காலத்துக்கு மேல அங்க யாரையும் இருக்க விடறதில்ல, போலீஸே கிளப்பி அனுப்பிடும். காரணம் இருக்கு. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அடித்த புயலில் அந்த ஊரே போச்சு. ஸ்டேஷனை நெருங்கிட்டிருந்த பாம்பன்-தனுஷ்கோடி பாசஞ்சர் ரயில், நூறு பேருக்கும் மேல் பயணிகளோடு கடலுக்குள் போனது. 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு வந்ததால இப்ப வேன்லயே போயிட்டு வந்துடலாம். ஒரு பக்கம் அமைதியான பாக் நீரிணை, மறு பக்கம் ஆர்ப்பாட்டமான மன்னார் வளைகுடா. 'பெண் கடல், ஆண் கடல்'னு சொல்லுவாங்க. பார்க்கலாம், குளிக்கிற ரிஸ்க் வேணாம்.

கூண்டு வண்டியும் சத்திரமும்!

இந்த மேட்டரைத் தோண்டினப்போ ஒரு சுவாரஸ்யம் சிக்குச்சு. இந்தச் சண்டையை நம்ம முன்னோர்கள் எப்பவோ முடிச்சுட்டாங்க!

சேதுவுக்குப் போற யாத்ரீகர்கள் கூண்டு வண்டி கட்டிட்டுக் கிளம்புவாங்க. உள்ளே வைக்கோல் மேல ஜமுக்காளம், கூடவே பானை, அரிசி, புளி. யோசிச்சா அதுதான் நம்ம மோட்டார் ஹோம். ஆனா அதை நம்பியே யாரும் இராமேஸ்வரம் போகலை. வழி நெடுக சத்திரங்கள் இருந்துச்சு. ராமநாதபுரம் சேதுபதி மன்னர்கள் சேது யாத்திரைப் பாதையில் சத்திரங்கள் கட்டினார்கள். தஞ்சை மராட்டிய மன்னர்களும் கட்டினார்கள். இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இன்னிக்கும் நிக்குது. சாப்பாடு, படுக்கை, கிணறு, மாட்டுக்குத் தீனி எல்லாமே அங்க கிடைக்கும்.

அதாவது வண்டி, நகர்றதுக்கு. சத்திரம், தங்குறதுக்கு. மாட்டுக்கும் ஓய்வு வேணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நமக்கு? வேன் டிரைவர் எங்க படுப்பார்ங்கிறது என் எக்செல்லயே இல்ல! நான் போன் பண்ணிக் கேட்டதுக்கு, "நான் சீட்டுலயே சாஞ்சுக்குவேன் பாப்பா, பழக்கம்தான்"னார். பகல் முழுக்க ஓட்டிட்டு, ராத்திரி புழுக்கத்துல கொசுக்கடியில சாஞ்சு கிடந்துட்டு, மறுநாள் நம்ம 14 பேர் உசுரைக் கையில புடிக்கப் போறவர் அவர். 1961-ம் வருஷத்து மோட்டார் தொழிலாளர் சட்டமே ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலைனுதான் சொல்லுச்சு. நாம அவருக்குத் தூக்கத்தையே குடுக்கறதில்ல.

எக்செல்ல விட்டுப்போன காலம்!

இவ்வளவும் சொல்லி முடிச்சேன். பெரியப்பா இன்னும் மசியலை. "சிலிண்டர் வேணாம், ஓட்டல்ல சாப்பிடுவோம். ஆனா படுக்கை வேன்லதான்"னு நின்னார். அப்பதான், மூலையில உட்கார்ந்து பூ கட்டிட்டிருந்த பாட்டி மெதுவா கேட்டாங்க.

"அப்ப நான் ரெண்டு நாளைக்குத் தண்ணி குடிக்காம இருக்கணுமாப்பா?"

யாருக்கும் புரியலை. அப்புறம்தான் சொன்னாங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி கன்னியாகுமரிக்கு வேன்ல போனோம்ல, அப்ப வழியில எங்கயும் ஒழுங்கான டாய்லெட் இல்ல. அவங்களுக்காக அடிக்கடி வண்டியை நிறுத்தச் சொல்லவும் கூச்சம். அதனால காலையிலேர்ந்து ஒரு வாய்த் தண்ணி குடிக்கலையாம். ஊருக்கு வந்து ஒரு வாரம் நீர்க்கடுப்பு. டாக்டர்கிட்ட போனதைக்கூட 'கால் வலி'னு சொல்லித்தான் போயிருக்காங்க.

ஹால்ல பொட்டுச் சத்தம் இல்ல. அத்தை, "நானும் அப்படித்தாம்மா"ன்னாங்க. சித்தி தலையை ஆட்டினாங்க. ஏன், நானே காலேஜ் ஐ.வி. போறப்ப பஸ்ல தண்ணி பாட்டிலைத் திறக்கறதில்ல. படிக்கிற பொண்ணுங்க எத்தனை பேர் இப்ப 'ஆமா'ங்கறீங்கனு எனக்குத் தெரியும். பசங்களே, உங்களுக்கு இது தெரியுமா? உங்க அம்மா பஸ் ஏறும்போது காபி வேணாம்னு சொல்றது பசி இல்லாததால இல்ல!

நான் அம்மா பக்கம் திரும்பினேன். "உனக்கு எதும்மா வேணும்?" அதுவரைக்கும் அவங்ககிட்ட யாருமே கேட்கலை. நானும்தான்.

"எனக்கு ரூமோ வேனோ எதுவோ... ரெண்டு நாளைக்கு அடுப்பு மூஞ்சியில முழிக்கக்கூடாது. அவ்வளவுதான்."

டூர்ங்கிறது வீட்ல எல்லாருக்கும் லீவு. வேன்ல சமையல்னா, எங்கம்மாவுக்கு மட்டும் அதே வேலைக்கு வேற லொகேஷன். 'சாப்பாட்டுச் செலவு மிச்சம்'னு நான் போட்டிருந்தேனே, அந்த மிச்சம் யார் தலையில விழுந்துச்சுனு என் எக்செல்ல காலமே இல்ல. பெரியப்பா கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். "சரிம்மா... ரூம் பார்த்துடு"ன்னார்.

நாட்டாமை தீர்ப்பு!

ஃபைனலா சத்திர ஃபார்முலாதான். பகல்ல வேன், ராத்திரி ரூம். நாலு ரூம், டிரைவர் அண்ணனுக்கும் ஒரு படுக்கை. நீங்க போறதா இருந்தா, இதைக் குறிச்சுக்கோங்க:

• ஆடி, தை, மஹாளய அமாவாசைனா லாட்ஜ் எல்லாம் நிரம்பி வழியும். தேதியை முதல்ல முடிவு பண்ணிட்டு, ரூமை உறுதி பண்ணிட்டு, அப்புறம் வேனுக்கு அட்வான்ஸ் குடுங்க.

• ரூம் வாடகை எந்த மணியிலேர்ந்து எந்த மணி வரைக்கும்னு கேளுங்க. 24 மணி நேரமா, மதியம் 12 மணிக்குக் காலி பண்ணணுமானு இடத்துக்கு இடம் மாறும்.

• பாட்டி, தாத்தா இருந்தா தரைத்தளம், வெஸ்டர்ன் டாய்லெட். 'லிஃப்ட் இருக்கு'னு சொன்னா 'ஓடுதா?'னு சேர்த்துக் கேளுங்க. நாங்க கேட்கலை. பாட்டியை மூணாவது மாடிக்குப் பெரியப்பாவும் டிரைவர் அண்ணனும் கைத்தாங்கலா ஏத்தினாங்க.

• குழாயில உப்புத் தண்ணி வரலாம். சோப்பு நுரைக்காது, தலைமுடி கயிறா ஆகிடும். அழாதீங்க.

• ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டி நிக்கும்னு கிளம்பும்போதே அறிவிச்சிடுங்க. யாரும் கேட்க வேண்டியதில்ல, தானா நிக்கணும். நாங்க திண்டுக்கல், மதுரை தாண்டி, பரமக்குடினு நிறுத்தினோம். இது ஒண்ணுதான் இந்தக் கட்டுரையில முக்கியமான பாயின்ட். மத்ததை மறந்தாலும் பரவாயில்ல.

• சாப்பிட்ட இலை, பிளாஸ்டிக் தட்டு எல்லாம் வேன்லயே ஒரு மூட்டையில. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா இருக்கிற கடல் அது, நம்ம குப்பைத்தொட்டி இல்ல.

ரூம் போட்டதுல நஷ்டமே இல்லையானு கேட்டா, இருக்கு. ரூம் கதவு சாத்தினதும் ஆளாளுக்கு செல்போனுக்குள்ள போயிட்டாங்க. வேன்ல படுத்திருந்தா பாட்டு, கதை, கலாட்டானு இருந்திருக்கும்ல? பெரியப்பா முகம் வாடிப்போச்சு. சித்தப்பாதான் ஒன்பது மணிக்கு எல்லாரையும் கீழே இழுத்துட்டு வந்தார். லாட்ஜ் வாசல்ல நின்ன வேனோட கதவு, ஜன்னல் எல்லாத்தையும் திறந்து போட்டு, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, பதினோரு மணி வரைக்கும் தாத்தா கதையா பேசித் தீர்த்தோம். அப்புறம் மேலே போய்த் தூங்கினோம். பெரியப்பா கேட்ட வேன், சித்தப்பா கேட்ட ரூம், ரெண்டுமே கிடைச்சிடுச்சு!

திரும்பி வர்றப்ப பாம்பன் ரோட்டுப் பாலம். பக்கத்துல 1914-ம் வருஷத்துப் பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலமும். வேனே ஜன்னல் பக்கம் சாய்ஞ்சு, நடுவுல தூக்குற பகுதியை போட்டோ எடுத்துட்டிருந்துச்சு. நான் தற்செயலா பாட்டியைத் திரும்பிப் பார்த்தேன். கடலைப் பார்த்துக்கிட்டே, ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை அண்ணாந்து கடகடனு குடிச்சிட்டிருந்தாங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே... வர்ட்டா!